தரையைத் தொடும் இம்பாலா: 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு எதிராக

பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும்: 'ஒரிஜினல்'. 1964ஆம் ஆண்டின் செவர்லே இம்பாலா ஒன்றின் சுருள் ஸ்பிரிங்கை வெட்டி, அதன் உடலைத் தரையிலிருந்து நான்கைந்து விரற்கடை உயரத்துக்கு இறக்கிவிட்டால் போதும், சேகரிப்பாளர்களின் முகம் சுருங்கிவிடும். ஒரு அருமையான காரைக் கெடுத்துவிட்டார்கள் என்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விட்டிருக்கக் கூடாதா என்பார்கள். அமெரிக்க வரலாற்றின் ஒரு சான்றைச் சிதைத்துவிட்டதாகக்கூடச் சிலர் சொல்வதுண்டு. இவ்வாறு சொல்கிறவர்களில் இலக்கியம் படிக்கிறவர்களும் இருப்பதுதான் எங்களை இதை எழுத வைக்கிறது. மூலபாடம், பாடபேதம், வாசகன் பிரதியை மறுபடி எழுதுதல் என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசத் தெரிந்தவர்கள், ஒரு இரும்பு உடலின் முன்னால் வந்ததும் திடீரென்று புனித நூலின் காவலர்களாகி விடுகிறார்கள்.

எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். லாஸ் ஏஞ்சலிஸின் கிழக்குப் பகுதியில் மெக்சிக்க அமெரிக்க இளைஞர்கள் செவர்லே கார்களைத் தாழ இறக்கியது அந்தக் கார்களுக்கு எதிரான செயலே இல்லை. அந்தக் கார்களை வரைந்தவர்கள் தொடங்கி வைத்து, விற்பனைக் கணக்குக்கு அஞ்சிப் பாதியில் நிறுத்திய ஒரு கோட்டை அவர்கள் முடித்து வைத்தார்கள். 'ஒரிஜினல்' என்று கூச்சலிடுகிறவர்களுக்கு அந்த ஒரிஜினலின் பிறப்பே தெரியாது.

அந்தப் பிறப்பைக் கொஞ்சம் பார்ப்போம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் துறையை 1927 முதல் 1958 வரை கட்டி ஆண்டவர் ஹார்லி ஏர்ல். அமெரிக்கக் காரை நீளமாக்குவதும் தாழ்த்துவதுமே தன் வாழ்நாள் வேலை என்று அவரே சொல்லியிருக்கிறார். மெய்யாகவே தாழ்த்த முடியாத இடத்தில் தாழ்ந்தது போன்ற தோற்றத்தையாவது தருவது அவர் கொள்கை. டெட்ராய்ட்டுக்குப் போவதற்கு முன்பு அவர் எங்கே இருந்தார்? ஹாலிவுட்டில் பிறந்து, லாஸ் ஏஞ்சலிஸில் தந்தையின் பட்டறையில், பிறர் செய்த கார்களுக்குத் திரைப்பட நட்சத்திரங்களின் விருப்பப்படி புதிய உடல் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதாவது, தொழிற்சாலை அனுப்பிய காரை 'அப்படியே' ஏற்றுக்கொள்ள மறுத்த ஒரு லாஸ் ஏஞ்சலிஸ் பட்டறைக்காரர்தான் அமெரிக்காவின் மிகப் பெரிய கார் நிறுவனத்தின் கண்ணாக மாறினார். அதே ஊரில் கால் நூற்றாண்டு கழித்து இன்னொரு பட்டறையில் இன்னொருவர் அதே காரியத்தைச் செய்தால் அது சிதைப்பு ஆகிவிடுகிறது. இடையில் மாறியது என்ன? கையின் நிறமும் பட்டறையின் முகவரியும் தவிர வேறு ஏதேனும் மாறியிருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள்.

ஏர்லின் கடைசி ஆண்டான 1958இல் செவர்லே அடைந்த மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். இம்பாலா என்ற பெயர் முதன்முதலாக வந்த ஆண்டும் அதுதான். முந்தைய ஆண்டின் காரைவிடப் புதிய கார் நீளம், அகலம் அதிகம், உயரம் குறைவு. அதைத் தாழ்த்துவதற்காகவே அடிச்சட்டத்தை எக்ஸ் எழுத்தின் வடிவில், நடுவில் இடை சிறுத்ததாக மாற்றினார்கள். பக்கவாட்டில் ஓடிய கனத்த உத்தரங்கள் போய்விட்டதால் இருக்கைகளையும் தரைத்தகட்டையும் கீழே இறக்க முடிந்தது. பின்சக்கரங்களுக்கு இருந்த பட்டை ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு நான்கு மூலைகளிலும் சுருள் ஸ்பிரிங் வைத்தார்கள். இன்னும் ஒன்று உண்டு. இதைத்தான் ஒரிஜினல்வாதிகள் ஒருபோதும் சொல்வதில்லை. கூடுதல் பணம் கொடுத்தால் அந்த 1958 செவர்லேயில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் கிடைத்தன. எஞ்சினால் இயங்கும் கம்ப்ரஸர் ஒன்று அவற்றுக்குக் காற்று கொடுத்து, காரின் உயரத்தைச் சீராக வைத்திருக்கும். 'லெவல் ஏர்' என்று பெயர். வாங்கியவர்கள் சொற்பம், கசிவுத் தொல்லை வேறு, விரைவிலேயே கைவிட்டார்கள். ஆகவே 1964 இம்பாலாவில் காற்றுப் பை மாட்டி உயரத்தை ஏற்றி இறக்குகிறவரைப் பார்த்து 'இது செவர்லேயின் மரபுக்கு விரோதம்' என்று சொல்ல வேண்டுமானால், முதலில் செவர்லேயின் விற்பனைக் கையேடுகளை எரித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து, பழமையைக் காப்பவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் எதைக் காக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். 1960களின் செவர்லே தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதன் வண்ணப்பூச்சு ஆரஞ்சுத் தோலைப்போலச் சொரசொரத்திருக்கும். கதவுக்கும் உடலுக்கும் இடையே உள்ள சந்து மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. நிமிடத்துக்கு ஒன்று என்ற கதியில் ஓடிய உற்பத்தி வரிசை அதற்குமேல் எதையும் அனுமதிக்கவில்லை. இன்று கண்காட்சிகளில் 'ஒரிஜினல் நிலைக்கு மீட்டெடுக்கப்பட்டது' என்ற அட்டையுடன் நிற்கும் கார்களின் பூச்சில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அடிவயிறுகூடப் பளபளக்கிறது. எந்தத் தொழிற்சாலையிலும் எக்காலத்திலும் இல்லாத கார் அது. மூலபாடம் என்று இவர்கள் கையில் வைத்திருப்பது தாங்களே கூட்டியும் குறைத்தும் எழுதிக்கொண்ட பாடம். அதில் எங்களுக்கு வருத்தமில்லை, எழுதிக்கொள்ளட்டும். ஆனால் அடுத்தவன் பாடத்தை மட்டும் இடைச்செருகல் என்று சொல்லும் உரிமை எங்கிருந்து வந்தது?

தாழ்த்துதல் என்றால் ஏதோ ரம்பத்தை எடுத்து அறுத்துத் தள்ளுவது என்று நினைப்பவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மிகப் பழைய வழி, டிக்கியில் மணல் மூட்டை அல்லது சிமெண்ட் மூட்டையைப் போடுவது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பல இளைஞர்கள் செய்தது அதுதான். வண்டியின் பின்பகுதி அமுங்கி, மூக்கு லேசாக வானம் பார்த்துப் போகும். பட்டை ஸ்பிரிங் உள்ள கார்களில் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு கட்டையை வைத்து உடலை இறக்கலாம். சுருள் ஸ்பிரிங் என்றால் ஒரு சுற்றையோ அரைச் சுற்றையோ வெட்ட வேண்டும். இங்கேதான் அறிவு தேவைப்படுகிறது. சுற்றுகள் குறையக் குறைய மிச்சமுள்ள ஸ்பிரிங் விறைப்பாகும்; உயரத்தில் இழந்ததை விறைப்பில் ஓரளவு திருப்பிக் கொடுக்கும். அளவறிந்து வெட்டியவனின் கார் பள்ளத்தில் இறங்கும்போது அடித்தட்டு இடிபடாது. அளவு தெரியாதவனின் கார் ஒவ்வொரு மேட்டிலும் ஓலமிடும். வாயுச் சுடரால் ஸ்பிரிங்கைச் சூடாக்கித் தொய்ய விடுகிற ஒரு வழக்கமும் உண்டு. அது எஃகின் பதத்தைக் கொன்றுவிடும். அதைச் செய்தவர்களுக்காக நாங்கள் வாதாட வரவில்லை.

ஸ்பிரிங்கோடு வேலை முடிவதில்லை. உடல் இறங்கியதும் முன்சக்கரங்களின் சாய்வு மாறிவிடும், டயரின் உள்விளிம்பு தேயத் தொடங்கும்; ஆகவே கோணங்களை மீண்டும் அமைக்க வேண்டும். ஷாக் அப்சார்பர் பழைய நீளத்திலேயே இருந்தால் அதன் பயணத்தில் பாதி வீணாகிவிடும். பின்னால் அச்சு மேலேறி அடிச்சட்டத்தில் மோதும் என்பதால் சட்டத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டு கொடுத்து, வெட்டிய இடத்தைத் தடித்த தகட்டால் பலப்படுத்த வேண்டும். எக்ஸ் சட்டத்தின் சிறுத்த இடை ஹைட்ராலிக் உதைப்பைத் தாங்காது, விரிசல் விடும். எனவே உடலைச் சட்டத்திலிருந்து கழற்றி, சட்டம் முழுவதற்கும் தகடு போர்த்திப் பற்றவைக்கிறார்கள். மாதக்கணக்கில் பிடிக்கும் வேலை. உடலை மறுபடி ஏற்றிய பிறகு இதில் பெரும்பகுதி யார் கண்ணுக்கும் படாது. இதைச் செய்தவர்களைப் பார்த்துப் 'பகட்டு' என்று சொல்கிறவர், வீட்டின் அஸ்திவாரத்தைப் பார்த்தும் பகட்டு என்று சொல்வாரா?

இப்போது சட்டத்துக்கு வருவோம், நாங்கள் சொன்ன அந்தச் சொல் தன் நிஜ முகத்தைக் காட்டியது அங்கேதான். கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டத்தில் 24008 என்ற பிரிவு 1950களின் இறுதியில் வந்தது. சாலைக்கும் சக்கர ரிம்மின் கீழ் விளிம்புக்கும் எவ்வளவு இடைவெளியோ, அதைவிடத் தாழ்வாகக் காரின் வேறு எந்தப் பாகமும் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். காரணம் கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். டயர் வெடித்துக் கார் ரிம்மின் மேல் அமர்ந்தால் உடல் சாலையில் உராயக் கூடாதாம். நியாயமான கவலைதான். ஆனால் சட்டத்தின் வாசகத்தைப் பாருங்கள்: அசல் வடிவமைப்பிலிருந்து மாற்றப்பட்ட வாகனங்களுக்கு மட்டுமே அந்த விதி. டெட்ராய்ட்டே அவ்வளவு தாழ்வாகக் கட்டி அனுப்பினால் குற்றமில்லை. போயில் ஹைட்ஸில் ஒருவன் தன் கையால் இறக்கினால் குற்றம். உராய்வுக்கு, தான் எந்தப் பட்டறையிலிருந்து வருகிறோம் என்பது தெரியுமா? பாதுகாப்பே நோக்கம் என்றால் பிரேக் எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறது, பற்றவைப்பு உறுதியானதா, சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்றெல்லாம் அளந்திருக்க வேண்டும். அளந்ததோ தூரத்திலிருந்தே கண்ணுக்குப் புலப்படும் ஒன்றை. ஒரு காவலர் வண்டியை நிறுத்தக் காரணம் வேண்டும். தாழ்ந்த நிழலுருவம் அந்தக் காரணத்தைக் கொடுத்தது.

இதே நகரத்தில் 1943இல் மெக்சிக்க இளைஞர்களைத் தெருவில் இழுத்துப்போட்டுக் கப்பற்படைச் சிப்பாய்கள் அடித்தபோது, அவர்கள் அணிந்திருந்த தொளதொள சூட்டில் துணி அதிகமாக இருந்தது குற்றமாகப் பேசப்பட்டது. போர்க்காலத் துணிக் கட்டுப்பாடு அதற்குச் சாக்கு. அன்று துணி கூடிவிட்டது. பின்னர் உயரம் குறைந்துவிட்டது. அளவுகோலை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்காமலே பதில் சொன்னவர்கள் இருந்தார்கள். தாழ்ந்த காருக்காக அபராதச் சீட்டு வாங்கிச் சலித்த ரான் அகிரே என்ற இளைஞர், தந்தையின் உதவியோடு, தன் கார்வெட்டில் விமான உபரிக் கடைகளிலிருந்து வந்த ஹைட்ராலிக் உறுப்புகளைப் பொருத்தினார். காலம் 1950களின் இறுதி. காரின் பெயர் எக்ஸ்-சோனிக். நிற்கும்போது தரையோடு தரையாக இருக்கும் கார், காவலர் வரும்போது சட்டம் சொன்ன உயரத்துக்கு எழும்பி நிற்கும். தெற்குக் கலிஃபோர்னியா அப்போது விமானத் தொழிற்சாலைகளின் நாடு. லாக்ஹீட் பர்பேங்கில், டக்ளஸ் சாண்டா மோனிகாவில். போருக்குப் பின் பம்புகளும் வால்வுகளும் சிலிண்டர்களும் மலிவாகக் குவிந்து கிடந்தன. விமானத்தின் சக்கரங்களையும் இறக்கை மடிப்புகளையும் அசைத்த எண்ணெய், ஒரு காரின் உயரத்தை அசைக்க ஆரம்பித்தது. பின்னர் லாரிகளின் பின்கதவைத் தூக்கும் பம்புகளும் டிக்கியில் வரிசையாக பேட்டரிகளும் வந்தன. சட்டத்தை மீறாமல், அதன் எழுத்தை அணுவளவும் பிசகாமல் கடைப்பிடித்தே அதைக் கேலிக்கூத்தாக்கிய செயல் இது. அங்கதம் என்று நாம் எழுத்தில் எதைப் பாராட்டுகிறோமோ அதை இவர்கள் எண்ணெயாலும் எஃகாலும் செய்தார்கள். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கார்வெட்டை மீட்டெடுப்பவர்களுக்கென்று அமெரிக்காவில் 1974 முதல் ஒரு சங்கம் இயங்குகிறது. உதிரிப் பாகங்களின் மீதுள்ள தேதிக் குறிகள் வரை பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அந்த மேசையில் எக்ஸ்-சோனிக் என்ன மதிப்பெண் வாங்கியிருக்கும் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது இலக்கியவாதிகளிடம் ஒரு கேள்வி. சித்ரோன் டிஎஸ் என்ற பிரெஞ்சுக் கார் 1955இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமானது. அதில் எண்ணெயும் வாயுவும் சேர்ந்து ஸ்பிரிங்கின் வேலையைச் செய்தன. நிறுத்தி வைத்தால் கார் மெல்லத் தரைக்கு இறங்கும்; எஞ்சினை இயக்கினால் எழும்பும்; ஓட்டுபவர் ஒரு நெம்புகோலால் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். ரோலண்ட் பார்த் தமது 'மித்தாலஜிஸ்' தொகுப்பில் அந்தக் காரைப் பற்றி எழுதினார். கார்கள் கோதிக் பேராலயங்களுக்கு இணையானவை என்றார். அந்தக் கட்டுரையைத் தமிழ்ச் சிற்றிதழ் வாசகர்களுக்கு நாங்கள் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இறங்கி எழும் பிரெஞ்சுக் கார் நமக்கு உடனே குறியியலாகிறது, பேராலயமாகிறது. சில ஆண்டுகளுக்குள் அதே இறங்கி எழுதலை, பொறியியல் பட்டமோ ஆய்வுக்கூடமோ இல்லாமல், உபரிக் கடைச் சாமான்களை வைத்து ஸ்பானிய மொழி பேசும் தெருவில் செய்து காட்டினால் அது நமக்கு 'சினிமாவில் வரும் ரவுடிக் கார்'. பேராலயங்களைக் கட்டியவர்கள் பெயர் தெரியாத கைவினைஞர்கள் என்பதும் பார்த்தின் ஒப்புமையில் அடக்கம். அந்த ஒப்புமை சித்ரோனின் சம்பளம் பெற்ற பொறியாளர்களைவிட யாருக்கு அதிகம் பொருந்துகிறது?

எதிர்ப்பக்கத்தில் உண்மையும் இல்லாமல் இல்லை. பேட்டரிகளைப் பத்துப் பன்னிரண்டாக அடுக்கி, முன்பகுதியை ஆளுயரத்துக்கு மேல் எம்பவைத்து, யாருடைய கார் அதிகம் துள்ளுகிறது என்று அளக்கும் போட்டிகள் வந்துவிட்டன. எங்களுக்கு அதில் ரசனை இல்லை. பின்பாகத்தில் ஈயத்தை நிரப்பிய சந்தேகங்களும் சண்டைகளும் கொண்ட அந்தச் சர்க்கஸ், 'பாஜிதோ இ சுவாவெசிதோ', அதாவது தாழ்வாக, மென்மையாக என்று இந்த மரபு தனக்குத் தானே வைத்துக்கொண்ட சூத்திரத்துக்கே எதிரானது. அதைப்போல, இரண்டு கதவுக் கார்களை மட்டும் மதித்து, நான்கு கதவு செடானை ஏளனமாகப் பார்க்கிற வழக்கமும் இந்த மரபுக்குள் இருக்கிறது. இதுவும் ஒருவகை ஒரிஜினல்வாதம்தான். முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போன செடான் இல்லாமல் இந்தக் கலை வளர்ந்திருக்காது. 1940களின் செவர்லே ஃப்ளீட்லைன் செடான்களை, அவற்றின் சரிந்த முதுகோடும் உருண்ட சக்கர மேடுகளோடும் தாழ இறக்கி 'பாம்பா' என்று செல்லப் பெயரிட்டு அழைப்பவர்களே எங்களுக்கு இன்னும் நெருக்கமானவர்கள். அந்தச் சரிவு தரையை நோக்கித்தான் போகிறது என்பதைப் பார்க்க ஒரு கண் வேண்டும்.

வேகத்தை ஒட்டிய வாதம் ஒன்று உண்டு: கார் என்பது ஓடுவதற்கு, இவர்கள் அதை ஊர்ந்து போக வைக்கிறார்கள். ஆம், வைக்கிறார்கள். அதே தலைமுறையின் வெள்ளை இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளின் எடையைக் கழித்து, பின்பக்கத்தைத் தூக்கி, வறண்ட ஏரிப் படுகைகளில் வேகச் சாதனை படைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு அமெரிக்கத் துணிச்சல் என்று பெயர் கிடைத்தது. எட்டு சிலிண்டர் எஞ்சின் இருந்தும் விட்டியர் புலவார்டில் மணிக்குப் பத்து மைல் வேகத்தில் போனவனுக்கு எந்தப் பெயரும் கிடைக்கவில்லை. 1979இல் அந்தச் சாலையே வார இறுதி இரவுகளில் அவனுக்கு மூடப்பட்டது. அதன்பின் கலிஃபோர்னியாவின் பல ஊர்கள் மெதுவாகச் சுற்றி வருவதையே தடைசெய்தன. நேஷனல் சிட்டியில் 1992இல் வந்த தடை 2023 வரை நீடித்தது. வேகமாகப் போவதைத் தடுக்கும் சட்டம் எல்லா நாட்டிலும் உண்டு. மெதுவாகப் போவதைத் தடுக்க ஒரு சட்டம் தேவைப்பட்டதென்றால் அந்த மெதுமை எதையோ தொட்டிருக்கிறது.

அந்தக் கணக்கு ஒருவழியாக முடிந்தது. 2023 அக்டோபரில் கையெழுத்தாகி 2024 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த சட்டம், ஊர்களின் சுற்றுத் தடைகளுக்கான அதிகாரத்தையும் 24008ஆம் பிரிவையும் சேர்த்தே நீக்கியது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் மக்களைக் காத்ததாகச் சொல்லப்பட்ட விதி ஒரு பேனாவின் கோட்டில் போய்விட்டது. இதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம், நன்றியோடு குறிப்பிட மாட்டோம்.

அருங்காட்சியகங்கள் இதற்கு முன்பே வந்துவிட்டன. நியூ மெக்சிகோவின் சிமயோவில் ஒரு குடும்பம் இழைத்து இழைத்துச் செய்த 1969 ஃபோர்டு எல்டிடி 1990இலேயே ஸ்மித்சோனியனுக்குப் போனது. ஜெஸ்ஸி வலாதெஸின் ரோஜாக்கள் பூத்த 1964 இம்பாலா, 'ஜிப்சி ரோஸ்', 2017இல் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்ந்து வாஷிங்டனின் நடுமைதானத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. அந்தப் பெயரில் அதற்கு முன்பிருந்த காரைத் தெருவில் கல்லால் அடித்து நொறுக்கியிருந்தார்கள். இப்போது சேகரிப்பாளர்கள் இந்தப் பக்கமும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். தாழ இறக்கிய இம்பாலாவின் டிக்கியைத் திறந்து பார்த்து, உள்ளே இருப்பது அந்தக் காலத்து பெஸ்கோ விமானப் பம்பா, புதிதாகச் செய்த நகலா என்று விசாரிக்கிறார்கள். நகல் என்றால் முகம் சுருங்குகிறது.